அரை மணி நேர வேலை

“ஃபைலைக் காணோம்னு வருதுல்ல, அதை யாரோ அழிச்சிருக்காங்க சார்,” என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர், எதிரே இருந்த தம்பதியிடம்.

“நான்தான்,” என்றான் கணவன். “சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்குதுன்னு நெனைச்சேன்.”

“மூணு ப்ரோக்ராம் அதை நம்பித்தான் ஓடுது. ரெண்டை ஓட வச்சுட்டேன். டைப் அடிச்சதைப் பேசிக் காட்டுமே, அது மட்டும் பழைய குரல்ல பேசாது. அந்தக் குரல் அந்த ஃபைல்லதான் இருந்துது.”

கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“மேடம் குரல்தானே சார்? இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும். அரை மணி நேர வேலை, புதுசா பதிஞ்சுடலாம்.”

மனைவி கழுத்துத் துணியை விலக்கினாள். குரல்வளையை எடுத்த இடத்தில் ஒரு துளை இருந்தது.

“ஆபரேஷனுக்கு முந்தின நாள் பதிஞ்சது,” என்றான் கணவன்.

அவள் ஒரு சீட்டில் எழுதி அவனிடம் நீட்டினாள்: ‘உங்களைத் திட்டக்கூட இனி என் குரல் இல்லை.’