பின்னில ஒரு அடப்பு

வீட்டு முற்றத்தில் பைப்பைத் திறந்துவிட்டு சுசீலாபாய் படகைக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் விழிஞ்ஞத்தில் அது முதன்முதலாகக் கடலில் இறங்குகிறது.

அவள் கணவர் சத்தியநேசன் ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த படகு. தூண்டில் கம்பு செருக எட்டுக் குழல், ஆளே படுக்கலாம் போல ஐஸ் பெட்டி, அடியில் திரியும் மீனைக் காட்டும் கருவி. இனி சனி, ஞாயிறு எல்லாம் ஆழக்கடலில் சூரை மீன் பிடிக்கத்தான்.

"உனக்கு இதுல ஒரே வேல. கழுவி விடு, போதும்" என்று சொல்லியிருந்தார்.

உள்ளே போன் அடித்தது. படகைக் கட்டிய ஸ்ரீஜித்.

"சேச்சி, சாரோட மொபைல் கிட்டல்ல. வந்தா பறயணும் கேட்டோ. கொச்சியிலேந்து பித்தளை சாமான் வந்தில்ல. இப்போ பின்னில ஒரு அடப்பு உண்டு. எறக்கறதுக்கு முன்னால அத நல்லா நோக்கணும்."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

நாசரேத்திலிருந்து இந்த மலையாள நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம். "மீன்காரிக்கிட்ட நாலு வார்த்த மலையாளம் பேசத் தெரியல்ல இவளுக்கு" என்று விருந்தாளிகள் முன்னால் சத்தியநேசன் சிரிப்பார். இந்த ஒன்றையாவது அவரைக் கேட்காமல் முடிக்க வேண்டும்.

படகின் பின்பக்கம் கழுவிய தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. கையை விட்டுத் துழாவினாள். அடியில் ஒரு துளை. அதில் துணி சுற்றிய மரத்துண்டு இறுகிக் கிடந்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கியதும் தண்ணீர் மொத்தமும் முற்றத்துக்கு ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுக்களை ஜன்னல் எப்போதும் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். மரத்துண்டை அதில் செருகினாள். அளவெடுத்ததுபோல் நின்றது.

சாப்பிடும்போது சொன்னாள்: "ஸ்ரீஜித் ஒரு வேலைய அரைகுறையா விட்டிருந்தான். நான் சரியாக்கிட்டேன்."

"நீயா?" சத்தியநேசன் கறித் துண்டைக் கடித்தபடி சிரித்தார். "அப்போ படகு உருப்பட்டாப்லதான்!"

சனிக்கிழமை மாலை, கரையே தெரியாத தூரத்தில், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்ற படகை மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டார்கள். சத்தியநேசன் மூன்றாம் நாள் பூவாரில் கரை ஒதுங்கினார்.

அடக்கத்தன்று ஸ்ரீஜித் வீட்டுக்கு வந்தான். பெட்டியின் அருகிலிருந்து எழுந்துவந்த சுசீலாபாய், சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும் அவனை அறைந்தாள்.

"பின்னால இருந்த அடைப்ப நான்லா பிடுங்குனேன்! இன்னும் என்னென்னத்த அரைகுறையா விட்டிருந்தியோ, பாவி!"

மலையாளம் தெரிந்தவர்கள் எல்லோரும் சட்டென்று அடங்கினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரீஜித் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் அவளையே பார்த்தான். பிறகு குழந்தையிடம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னான்:

"சேச்சி... அடப்புன்னா மூடி."

கடல் காற்று வீசியது. அடுக்களை ஜன்னல் அடிக்கவில்லை.