பின்னேரப் பறவை

ஏலாத தகப்பனை வீட்டில் விட்டுவிட்டு, மகள் ஆபிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போய்விட்டாள்.

மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் இதுதான் கதை.

"சிங்கம் எங்க ஓடிப்போகுது? அடுத்த வருசம் பார்த்தால் காணாதோ?" என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வினோஜா சிரிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் அவளும் அதையேதான் சொன்னாள். கல்லூரி விடுமுறையில் ஒரு கிழமைக்கு அந்தத் தகப்பன் தியாகராசாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவள் அவள்தான். மார்கழியில் நெஞ்சில் ஒப்பரேசன் செய்த மனிதர். தனியே படி ஏறமாட்டார். இந்த நிலையில் ஒரே மகள் சாம்பவிக்குக் கென்யா கேட்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாம்பவியின் அழைப்பு வந்தது. தியாகராசா தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். அங்கே பின்னேரம் ஆறு மணியாம். காட்டில் சிக்னல் குறைவாம், முகம் காட்ட முடியாதாம்.

"வரிக்குதிரை பார்த்தன் அப்பா."

நீண்ட இடைவெளி.

"புல்லுக்குள்ள நிண்டது."

இன்னொரு இடைவெளி.

"கனக்க நிண்டது."

கதைக்கவும் பஞ்சி, அவ்வளவு சோம்பல் என்று வினோஜா நினைத்துக்கொண்டாள்.

தியாகராசாவுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. வெள்ளையில் கறுப்புக் கோடா, கறுப்பில் வெள்ளைக் கோடா என்று கேட்டார். வடிவாகப் பார்த்து நாளைக்குச் சொல் என்றார்.

செவ்வாய்க்கிழமை நீர்யானை வந்தது. புதன்கிழமை ஒட்டகச்சிவிங்கி, மரத்தின் உச்சியை ஆறுதலாக மென்றுகொண்டு வந்தது. நாளுக்கு நாள் காடு பெருத்தது. தியாகராசா கண்களை மூடிக்கொள்வார். போர்வையின் மேல் அவருடைய கை, ஜீப்பில் போகிறவரைப் போல மெல்லக் குலுங்கும்.

வியாழக்கிழமை யானை.

"விடியவே வெளிக்கிட்டனாங்கள் அப்பா, மேல திறந்த ஜீப்பில. ஆத்தங்கரைக்கு வர சாரதி எஞ்சினை நிப்பாட்டினார், ஒரு சத்தமில்லை. பார்த்தால் பத்தைக்குள்ள இருந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டா யானையள், குட்டியளை நடுவில விட்டு, இந்தக் கரையில இறங்கி அந்தக் கரை மட்டும்..."

வினோஜா கழுவிய கோப்பையைத் துடைக்க மறந்து நின்றாள். யன்னலுக்கு வெளியே வெயில் பட்ட பனித்தூள் காற்றில் எழுந்து, மஞ்சள் புல்லைப் போல அலை அலையாகச் சாய்ந்தது. அதற்குள் ஏதோ நடந்து போவது போல இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதும் ஒரு சைரன். பனி அள்ளுவதற்கு முன், ஓரத்தில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி மொன்றியல் தெருக்களில் ஊதிக்கொண்டு போகும் இழுவை வண்டியினுடையது. வினோஜா வெளியே பார்த்தாள். தெருவில் ஒன்றுமில்லை. சத்தம் தொலைபேசிக்குள் இருந்துதான் வந்தது.

சாம்பவியின் பேச்சு நின்றுவிட்டது.

தியாகராசா கண்ணைத் திறக்கவில்லை.

"அதென்ன பிள்ளை, பறவையோ?"



"ஓமப்பா. இங்க பின்னேரத்தில கத்தும்."

"பெரிய பறவையாத்தான் இருக்கும். சரி, குளிருக்க நிக்காத. வை."

வினோஜாவுக்குக் காது சுட்டது. பொறுக்க முடியாமல் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அது பறவை இல்லை. சாம்பவி அக்கா ஆபிரிக்காவில இல்லை. இங்கதான் எங்கயோ இருந்துகொண்டு உங்களை ஏமாத்துறா."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? இருபது வருசம் பார்க் எக்ஸ்ரென்சனில குடியிருக்கேக்க அந்தப் பறவைக்குத்தானே இடுப்பில கட்டின சாரத்தோட ஓடிப்போய்க் காரை எடுத்தனான்."



அவர் தலையணைக்குக் கீழே இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரிக் கடிதம். சாம்பவியின் பெயர். வயிற்றில் கட்டி, ஒப்பரேசன். திகதி, அவள் கென்யாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட அதே நாள்.

கடிதத்தைச் சாம்பவி ஒருநாள் மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தாளாம். கட்டியில் பயமில்லை என்று அதிலேயே எழுதியிருந்ததாம். இப்போது சிநேகிதி வீட்டில் படுத்திருப்பாள் என்றார். சொன்னால் அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று அவளுக்குப் பயம். தெரியும் என்று சொன்னால் அந்த ஏலாத உடம்போடு நாளைக்கே எழும்பி வந்து இவருக்குச் சமைக்கத் தொடங்குவாள் என்று இவருக்குப் பயம்.

"அப்ப ஏன் மாமா ஒவ்வொரு நாளும் மிருகம் மிருகமாக் கேட்டு அவவைக் கதைக்க வைக்கிறீங்கள்?"

தியாகராசா கடிதத்தை வாங்கி, பழையபடி தலையணைக்குக் கீழே வைத்தார்.

"திங்கட்கிழமை ஒரு வரிக்குதிரைக்கே ரெண்டு தரம் மூச்சு வாங்கினவள். இண்டைக்கு முழு யானைக் கூட்டத்தையும் ஒரே மூச்சில ஆறு கடத்திப்போட்டாள், கேட்டனியே?"