மஸ்கட் ஃபிளைட்டும் மாரிகுப்பம் பாஸும்

“டாக்ஸி எல்லாம் வேணாம். நட, ரோட்டுக்குப் போயிடலாம்” என்று செல்வியின் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான் தம்மபாலன்.

ரெண்டு வருஷம் மஸ்கட்டில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, இப்போதுதான் பெங்களூர் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்திருக்கிறாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை காரில் போகலாம் என்று ஆசைப்பட்டது தப்பா? கட்டின புருஷனுக்கு அதுகூட மனசு வரவில்லை.

போகட்டும். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

அவள் இன்றைக்கு வருவது யாருக்கும் தெரியாது. ‘ரம்ஜான் கழிச்சு அனுப்பறாங்களாம்’ என்று ஒரு கடிதம் போட்டதோடு சரி. ரம்ஜான் போய் மூன்று மாசம் ஆகிறது. நேற்று திடீரென்று டிக்கெட்டைக் கையில் கொடுத்துக் கிளம்பு என்றுவிட்டார்கள். இங்கே வந்து இறங்கினால், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த ஆள் நிற்கிறான்.

“நீங்க எப்பிடி இங்க?”

“ஒரு வேலையா வந்தேன்.”

“கேஜிஎஃப்ல சுரங்கத்துல எறங்கறவருக்கு ஏர்போர்ட்ல இன்னா வேலை?”

“பேசினே நடயேன். பஸ்ஸு போயிடும்.”

வழியில் ஒரு டாக்ஸி டிரைவர் கையை ஆட்டினான். “இன்னா தம்மா, இன்னிக்கு சீக்கிரம் கெளம்பிட்ட?”

தம்மபாலன் சிரித்துவிட்டு நடையை எட்டிப்போட்டான். செல்விக்குச் சுருக்கென்றது.

“இங்க நிக்கிற டாக்ஸி மூணு நாள் கூலி கேப்பான். ஆட்டோக்காரன் திரும்பி வர்றதுக்கும் சேத்து வாங்குவான். கேட்டத் தாண்டி அந்த மரத்தாண்ட நின்னா டவுன் பஸ்ஸு. டிரைவருக்குப் பின்னால பெட்டி வெக்க எடம் இருக்கும். லக்கேஜுக்குத் தனி டிக்கெட்டு. நேரா சிட்டி ஸ்டேஷன். அங்கேர்ந்து நம்ம மாரிகுப்பம் ரயிலு.”

ரெண்டு வருஷம் முந்தி அவளை ஏற்றிவிட வந்தபோது, வெளியே போகும் வழியைக் கேட்கவே கூச்சப்பட்டு நின்ற மனுஷன் இவன். இப்போது எந்த மரத்தடியில் எந்த பஸ் என்று ஒப்பிக்கிறான்.

“கொழந்த எங்க? தாரா வரலியா?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கா.”

“கண்ணு இன்னா இப்பிடி செவந்திருக்கு? குடிக்கிறீங்களா?”

“நைட் ஷிஃப்ட்.”

“நைட் ஷிஃப்ட் போட்டாலே சண்டைக்குப் போவீங்களே?”

அவன் பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

பஸ் வந்தது. சொன்ன மாதிரியே டிரைவருக்குப் பின்னால் பெட்டியை வைத்தான். உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து காசு எடுக்கும்போது ஒரு அட்டை கீழே விழுந்தது. செல்வி எடுத்துப் பார்த்தாள். மாரிகுப்பம் டு பெங்களூர், ரயில் சீசன் பாஸ். இந்த மாசத்தது. அதற்கடியில் போன மாசத்துப் பாஸும் இருந்தது.

கேஜிஎஃப் நந்திதுர்க் சுரங்கத்தில், வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறது அவன் இறங்கி வேலை பார்க்கும் ஷாஃப்ட். அவனுக்கு எதற்கு பெங்களூருக்கு மாசப் பாஸ்?

தாரா கைக்குழந்தையாக இருந்தபோது உள்ளே பாறை வெடித்து, இவனோடு ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் அந்த ஷாஃப்ட் வாசலில் நின்றாள். ஒவ்வொரு தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதும் ஓடிப்போய் முகம் முகமாகத் தேடினாள். ஆள் வராமல் எந்தப் பொம்பளையும் வீட்டுக்குத் திரும்பமாட்டாள், அது அங்கே வழக்கம். கடைசியில் இவனை மயக்கத்தோடுதான் தூக்கி வந்தார்கள்.

இவனுக்காகவா நின்றோம் என்று ஆத்திரமாக வந்தது.

“யாரு அவ?”

“எவ?”

“பெங்களூர்ல ஒருத்திய வெச்சினு இருக்கீங்களே, அவ. நான் அங்க எச்சித்தட்டு கழுவினு கெடந்தேன். நீங்க இங்க மாசப் பாஸ் எடுத்து...”

அவன் கையிலிருந்த காசைக் கண்டக்டரிடம் நீட்டினான்.

“சிட்டி ஸ்டேஷன் ரெண்டு. ஒரு லக்கேஜ்.”

கண்டக்டர் கன்னடக்காரர். டிக்கெட் கிழிக்கப்போனவர் நின்றுவிட்டார். அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, மஸ்கட் நீங்கதானா?”

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வாரத்துல மூணு நாள் மஸ்கட் ஃபிளைட் வருது. ஒண்ணு விடமாட்டார் உங்க வீட்டுக்காரர். நைட் வேலை முடிச்சு அப்படியே வர்றது. பஸ்ல தூங்கிடுவார், ஏர்போர்ட் வந்தா நானே எழுப்பணும். முதல் நாள் பாப்பாவையும் கூட்டிட்டு வந்தார். திரும்பிப் போறப்ப அது அழுத அழுகை, ஐயோ பாவம். அப்புறம் கூட்டிட்டு வரல.”

டிக்கெட்டுகளைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

“மூணு மாசமா திரும்பிப் போக ஒரே டிக்கெட்தான் வாங்குவார்க்கா. இன்னைக்குத்தான் ரெண்டு.”

பஸ் டொம்லூரைத் தாண்டும்வரை செல்வி தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த பாஸ் கண்ணீரில் மங்கிப்போய்த் தெரிந்தது.

“ஏங்க சொல்லல? வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே.”

தம்மபாலன் பாஸை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“ரெண்டு நாளு ஷாஃப்ட்டாண்ட சோறு தண்ணி இல்லாம நின்னியே, அத என்னிக்காவது என்னாண்ட சொல்லியிருக்கியா நீ? கேஜ்காரன் சொல்லித்தானே எனக்கே தெரியும்?”