வழியில் ஒரு ரோம்

பாலச்சந்திரன் ரோம் நகர வரைபடத்தைக் கட்டிலில் விரித்து, நடுவில் ஒரு திசைகாட்டியை வைத்து, படையெடுக்கப் போகிறவன் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஜெர்மனியின் ஆஹென் நகரிலிருந்து ரயில் புறப்பட அதிக நேரம் இல்லை. பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை.

"மேப்புக்கு எதுக்கு காம்பஸ்?" என்றாள் அம்பிகா.

"இன்ஜினியர்னா எதையும் திசை தெரிஞ்சு செய்யணும். ரோம் நமக்கு நேர் தெற்கு, தெரியுமா?"

அம்பிகாவுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. பிராங்பர்ட்டில் இன்று அவர்கள் ஏறப்போகும் விமானம் ரோமில் இறங்கி, எண்ணெய் போட்டுக்கொண்டு, நேரே பம்பாய்க்குத்தான் போகிறது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு வீடு. இவருக்கோ நடுவில் இறங்கிச் சரித்திரம் பார்க்க வேண்டுமாம்!

திட்டம் என்னவோ பலமான திட்டம்தான். அவளுக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி, அவனுக்கு மாணவர் விடுதி, எந்தத் தூணை எந்த வெயிலில் பார்ப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தான். ஆராய்ச்சிக்கு இதில் பாதி யோசித்திருந்தால் போன வருஷமே டாக்டர் ஆகியிருப்பான்.

இருவரும் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள். கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். பம்பாய் மாதுங்காவில் இருக்கும் அவள் அப்பா நடேசன்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. "ஜாதகமே இல்லாத பையனா? சரி, நேரில் கூட்டி வா, பார்க்கிறேன். பார்க்க முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை ராத்திரி ரயிலேறித் திருச்சி பாங்க் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜாதகம் இல்லாமல் என்ன, இருந்தது. அதைக் கொளுத்திக் குளிர் காய்ந்ததாகத் தமிழ் மாணவர் கூட்டத்தில் பாலச்சந்திரன் முழங்கினான். ராகு காலம், பல்லி விழுந்த பலன், ஒன்றையும் விடவில்லை, கிழிகிழியென்று கிழித்தான். அந்தக் கைதட்டலில்தான் அம்பிகா மனதைப் பறிகொடுத்தாள்.

"கிளம்பலாமா? திங்கட்கிழமை சாயங்காலம் ரோமை விட்டா, செவ்வாய் காலையில பம்பாய். அப்பாவைப் பிடிச்சிடலாம்."

"திங்கள் இல்ல அம்பிகா, செவ்வாய். நேத்துதான் டிக்கெட்டை மாத்தினேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "செவ்வாய் கிளம்பினா புதன்கிழமைதான் போய் இறங்குவோம். அப்பா அங்க தாம்பூலம் மாத்தப் போயிருப்பார். உங்களுக்குப் பைத்தியமா?"

"சரித்திரத்தை அவசரமாப் பாக்க முடியாதும்மா. ரெண்டாயிரம் வருஷம்..."

"ரெண்டாயிரம் வருஷமா இடிஞ்சு கிடக்கறது, நம்ம கல்யாணம் முடியறதுக்குள்ள எழுந்து ஓடிடுமா? போதாக்குறைக்குத் திங்கட்கிழமை அங்க மியூசியத்துக்கெல்லாம் லீவு!"

"அதனாலதான்! கூட்டமே இருக்காது. வெளியில நின்னு நிம்மதியாப் பாக்கலாம்."

பூட்டிய கதவை நிம்மதியாகப் பார்ப்பதற்காக ஒருவன் வரப்போகிற பெண்டாட்டியையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறான்! ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"போன வருஷம் பெர்லின் கான்ஃபரன்ஸுக்கும் இப்படித்தான். நாங்க எல்லாரும் திங்கட்கிழமை கிளம்பினோம். நீங்க மட்டும் ஞாயித்துக்கிழமையே ஓடினீங்க."

"ஜன்னல் சீட் கிடைக்காதுன்னு..." என்று இழுத்தவன் பேச்சை மாற்றினான். "ஜன்னல்னதும் ஞாபகம் வருது. வெளியில தயிர் வச்சிருக்கேன், வீணாப் போயிடும். வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துடறியா?"

குளிர்சாதனப் பெட்டி இல்லாத மாணவர்களுக்கு மாசி மாதத்து ஜன்னல் விளிம்புதான் குளிர்சாதனப் பெட்டி. அம்பிகா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தயிர் கிடக்கட்டும். என்னைவிட அந்தக் கல்லும் மண்ணும் பெரிசா உங்களுக்கு?"

"சத்தியமா இல்ல."

பொய் சொல்லும் முகமாக அது இல்லை. திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தான்.

"அப்ப ரோமே வேண்டாம். ஏர்போர்ட்ல சொன்னா பம்பாய் வரைக்கும் அதே சீட்ல விடுவாங்க. நான் கேட்டுட்டேன். இன்னிக்கே நேராப் போயிடலாம்."

"இன்னிக்கா? சனிக்கிழமையா? ஐயையோ, கூடவே கூடாது!"

அலறியே விட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல, அந்த ஃப்ளைட்ல சாப்பாடு சரியிருக்காது," என்றான். ரோம் வரை அவன் போகப்போவதும் அதே விமானத்தில்தான்.

அம்பிகா அவனையே பார்த்தாள். அப்புறம் அவன் கையைப் பார்த்தாள். வரைபடத்தின் மேல் இருந்த திசைகாட்டியில், கிழக்கைக் காட்டும் எழுத்தைக் கட்டைவிரலால் இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வந்த கோபம் எங்கே போயிற்றோ, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னலைத் திறந்து தயிர் பாட்டிலை எடுத்தாள். மூடியைக் கழற்றி, புரட்சி வீரனின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"குடிங்க, திங்களும் சனியும் கிழக்கே சூலம்னா, அதுக்குத் தயிர்தான் பரிகாரம்!"