முறத்தில் விழுந்த குண்டுகள்

"அப்பா, நிறுத்துங்க!" கவிப்ரியாவின் கத்தலில் பஞ்சநதத்தின் கையிலிருக்கும் முறம் பாதி உயரத்தில் நிற்கிறது. அதில் கிடப்பது நெல் அல்ல. நாளைக் காலை திருச்சியில், மாநில அணிக்கான தேர்வில், மகள் ஏர் ரைஃபிளில் சுட வேண்டிய ஈயக் குண்டுகள். நகைத் தராசில் ஒவ்வொன்றாக எடை பார்த்து அவள் பிரிப்பதைப் பொறுக்காமல், அவள் டீ குடிக்கப் போன இடைவெளியில் ஒரு வீச்சு புடைத்துவிட்டார். "லேசானதெல்லாம் முன்னால வந்துடும்னு பாத்தேம்மா." "இது என்ன பதரா? ஈயம்ப்பா! இடிச்சா ஓரம் நசுங்கிடும்." அடுப்படியிலிருந்து அம்மா மேகலா எட்டிப் பார்க்கிறாள். "விட்டா அவிச்சுக் காயப் போட்டிருப்பாரு." வேறு டப்பா கைவசம் இல்லை, நாளை சுட வேண்டிய அறுபது குண்டுகளும் இதிலேயே தேற வேண்டும். தரையில் வைத்த கண்ணாடித் துண்டில் மாலை வெயில் மினுங்குகிறது. ஒரு முனை பாவாடை போல விரிந்த குண்டு ஒன்றைக் கவிப்ரியா அதன் மேல் உருட்டுகிறாள். நல்லது வளைந்து சீராக ஓடுகிறது, நசுங்கியது நொண்டுகிறது. பஞ்சநதம் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, மூச்சடக்கிப் பார்க்கிறார். "நொண்டுது... நொண்டுது... இது ஓடுது, எடு எடு!" தேறியவை தராசில் ஏறி, பெட்டியின் பஞ்சுக் குழிகளில் இறங்குகின்றன. தெருவில் அறுவடை மெஷின் உறுமிக்கொண்டு போகிறது. தராசின் எண்கள் நடுங்கி அடங்கும் வரை மூவரும் அசையவில்லை. கடைசிக் குழியும் நிரம்புகிறது. பஞ்சநதம் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைக்கிறார். "நாளைக்குக் குறி தப்பினா எம் மேல பழியப் போட்டுடாதம்மா." பெட்டியின் மூடியை அழுத்தியபடி கவிப்ரியா சொல்கிறாள்: "ஜெயிச்சாலும் உங்க மேலதான்ப்பா போடுவேன்."