கதவோர நாற்காலி

"உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா இங்க வந்து உக்காந்திருப்ப?"

கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றவர் வில்ஃப். பாடகி மொய்ராவின் பாட்டுக்குழுவில் டிரம் வாசித்தவர். அன்று காலைதான் மொய்ராவை அடக்கம் செய்திருந்தார்கள். எல்லாம் முடிந்து, ஷெஃபீல்டில் அவள் வீட்டுத் தெருமுனை பப்பின் மாடியில் கூடியிருந்தார்கள். ஹாம் சாண்ட்விச், தேநீர், தணிந்த பேச்சு, ஜன்னலில் மழை.

லெஸ்லி கதவோரம் உட்கார்ந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லண்டன் காலைப் பத்திரிகை ஒன்றில் காலமெல்லாம் இசை விமர்சனம் எழுதி ஓய்வு பெற்றவர். எந்த மண்டபத்துக்குப் போனாலும் அவருக்குக் கதவோர நாற்காலிதான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வந்ததிலிருந்து அவரிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"துக்கத்துக்கு வந்த இடத்துல சண்டை வேண்டாம் வில்ஃப். ஒரு பூ வச்சிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"பூவாம் பூ! உயிரோட இருந்தப்ப எங்கய்யா போன?"

"இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா கண்ணு?" என்று பப்புக்காரப் பெண் கெட்டிலோடு வந்தாள். இருவரும் கோப்பையை நீட்டினார்கள். அவள் நகர்ந்ததும் லெஸ்லியால் அடக்க முடியவில்லை.

"நான் எங்க போனேனா? அவதான்யா என்னை அந்தரத்துல விட்டா! இதே ஊர்லதானே அந்தக் கச்சேரி? மேடை ஏறுறதுக்கு முன்னாடி அவ அறைக்குப் போய், 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேட்டேன். கேக்கறதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிச்சு. அவ சிரிச்சிட்டு, 'மேடையிலேர்ந்து சொல்றேன், கேட்டுக்கோ'ன்னா."

"தெரியுமே. நான் பக்கத்துலதான் குச்சியைத் தேடிட்டு இருந்தேன்."

"ஒவ்வொரு பாட்டா கேட்டேன். இதுல சொல்வாளா, அடுத்ததுல சொல்வாளான்னு உசிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். கடைசியா அந்த ரயில் பாட்டைப் பாடினா, கும்பிடு போட்டா, உள்ள போய்ட்டா. ஒரு வார்த்தை இல்ல! அப்புறமும் எந்த முகத்தை வச்சிட்டு நான் அவ முன்னாடி போய் நிக்கறது?"

அதற்குப் பிறகு அவர் வேறு எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. லண்டனில் ஒற்றை அறை, சுவர் முழுக்க இசைத்தட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் சூப். கிறிஸ்துமஸ் அன்று வானொலிக்காரனுக்குப் பதில் வாழ்த்துச் சொல்கிற அளவுக்குத் தனிமை. ரோஷம் மட்டும் குறையவில்லை. ரோஷம் வந்து சூப்பைச் சூடாக்கித் தருமா என்ன?

"ஓஹோ. அதனாலதான் பேப்பர்ல அப்படி எழுதினியாக்கும்?"

"கேட்டதை எழுதினேன். கொஞ்சம் வயித்தெரிச்சலும் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா வேலைன்னா வேலை. கச்சேரி எந்த ஊர்ல நடந்தாலும் மறுநாள் லண்டன்காரன் டோஸ்ட்டைக் கடிக்கும்போது என் விமர்சனம் அவன் மேஜையில இருக்கும். ஒருநாள் தவறினதில்ல."

"'இந்தப் பாடகிக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லியிருந்தாலும், கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.'" வில்ஃப் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். "மறுநாள் வேன்ல போறப்ப படிச்சா. பேப்பரை மடிச்சு மடியில வச்சிட்டு ஜன்னலையே பாத்துட்டு வந்தா. 'பதில் வந்துடுச்சு வில்ஃப்'னா, அவ்வளவுதான். அந்தப் பாட்டை அப்புறம் நாங்க கெஞ்சினாலும் பாடல. ஒத்தையிலயே இருந்து போய்ச் சேர்ந்துட்டா பாவி."

லெஸ்லி நிமிர்ந்து பார்த்தார். "பதிலா? நான் என்ன பதில் சொன்னேன்? எந்தப் பாட்டு?"

"நடிக்காதய்யா! அவ உள்ள போனதும் கூட்டம் விட்டுச்சா? கால் தட்டி, கத்தி, திரும்ப மேடைக்கு இழுத்துச்சே, அப்பப் பாடின பாட்டு. பாடறதுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சிட்டு, 'லெஸ்லி, சரி, கட்டிக்கிறேன்'னா. மண்டபமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. விளக்கு கூசி உன் முகம் தெரியல அவளுக்கு. ஆனாலும் அந்தக் கதவோர நாற்காலியைப் பாத்தே முழுப் பாட்டையும் பாடினா. நீ என்னடான்னா..."

லெஸ்லி கோப்பையைத் தட்டோடு தரையில் வைத்துவிட்டார்.

அந்தக் கைதட்டல் லெஸ்லிக்கு நன்றாகவே நினைவிருந்தது. காலைப் பேப்பருக்கு நேரமாகிறதென்று வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓடி, மண்டபத்துக்கு எதிரே இருந்த போன் கூண்டில் நின்று, 'இந்தப் பாடகிக்குச் சொல்ல ஒன்றுமில்லை' என்று லண்டன் அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த இரைச்சல் பொறுக்காமல்தான் அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.