மேல் வரிசை

கணவர் ஆர்கிரிஸ் குச்சியில் வாட்டிய இறைச்சியை மூன்றாவது முறை வாங்கிக் கடித்தபோது ஸ்தமாத்தா தடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இருக்கப்போகாத மனிதரைக் கொழுப்பு என்ன செய்துவிடும்?

வசந்தத்தில் இருவரும் ஒன்றாகத்தான் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டர், ஆர்கிரிஸின் ஒன்றுவிட்ட தம்பி, அவளை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, அண்ணனுக்கு அதிக நாள் இல்லை என்று சொன்னான். நோயாளியிடம் மறைத்து வீட்டாரிடம் சொல்வதுதான் அவர்கள் ஊர் வழக்கம். "அண்ணனைப் பாத்துக்க உங்களுக்கும் தெம்பு வேணும் அண்ணி" என்று அவளுக்கும் மாத்திரைகள் எழுதிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. அவர் காதில் அது விழக்கூடாது. இந்தச் சுற்றுலாவே அவருக்காகத்தான்.

எபிதாவ்ரோஸின் பழைய கிரேக்கக் கல் அரங்கின் நடுவில் கைடு பெண் நின்றாள். "ஒருத்தர் மட்டும் இந்த வட்டக் கல்லுல நில்லுங்க. மத்தவங்க என்கூட மேல வாங்க. நான் கை தூக்கினதும் இங்க மெதுவாப் பேசினாப் போதும், கடைசி வரிசைக்குக் கேக்கும்."

"இவர் நிக்கட்டும்" என்று ஸ்தமாத்தா முந்திக்கொண்டாள். படியேறி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆர்கிரிஸ் சிரித்தார். "இது நான் பொறந்ததுலேருந்து கேக்கற கதைம்மா. சுத்திப் பாக்க வர்ற ஜெர்மன்காரன்கிட்ட சொல்லு, நம்புவான்."

மேல் வரிசைக்கு வருவதற்குள் ஸ்தமாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. சிநேகிதி ஃப்ரோசோ தண்ணீர் கொடுத்தாள்.

"கவலைப்பட்டுப் பாதியா இளைச்சுட்டடி. அவர் போனப்புறம் என்ன பண்ணுவ?"

"தெசலோனிகியில மக பக்கத்துல சின்னதா ஒரு வீடு. பால்கனியில நின்னா கடல் தெரியணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பார்த்தும் வச்சிட்டேன்" என்றாள்.

"அடிப்பாவி. மனுஷன் இன்னும் கீழ நிக்கறார்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கைடு இன்னும் கையைத் தூக்கவில்லை. கீழே பஸ் டிரைவர் மானோலிஸ் காப்பிக் கோப்பையோடு ஆர்கிரிஸை நோக்கி நடந்தான். அவன் செருப்பு மணலில் உரசும் சத்தம் பக்கத்தில் நடப்பதுபோல் மேலே கேட்டது. வரிசை முழுதும் வியந்து அடங்கியது.

"உக்காருங்க மாமா. உங்க உடம்புக்கு வெயில் ஆகாது."

"உன்கிட்டயும் சொல்லிட்டாளா?"

வண்டியை அடிக்கடி நிறுத்தும்படி காலையில் ஸ்தமாத்தாதான் மானோலிஸிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் வீண். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆர்கிரிஸ் குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரல் இன்னும் தெளிவாக மேலே வந்தது.

"டாக்டரை அவகிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்ப்பா. என்னைப் பாத்துக்கணும்னு இருந்தாத்தான் எழுந்து நடமாடுவா."

வரிசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அப்ப அந்த நோய்?" என்றான் மானோலிஸ்.

ஆர்கிரிஸ் காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவளுக்குத்தான்டா."